பதினோரு டிகிரி

இருநூற்றுப் பன்னிரண்டு முதுகுகளும் திரையில் பச்சையாகத்தான் இருந்தன. துளசிமணியின் வலது கைதான் டீ கிளாஸைப் பிடிக்க மாட்டேன் என்றது. மூன்றாவது கிளாஸும் நழுவி உடைந்த பிறகு கேண்டீன்காரர் அவளுக்கென்று ஓர் எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்து வைத்தார். அதுவும் விழுந்தது. உடையவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிசியோதெரபிஸ்ட் ஜெசிந்தா அவளை இரண்டாவது மாடியில் இருந்த தன் அறைக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். திருப்பூரில் பல்லடம் சாலையில் இருந்த அந்த பனியன் கம்பெனியில் துளசிமணி ஓவர்லாக் மெஷினில் துணி ஓரம் தைக்கும் டெய்லர். வயது நாற்பத்தொன்று, அதில் இருபத்திரண்டு வருடம் மெஷினுக்கு முன்னால் போயிருந்தது. வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துவிட்டதாகச் சொன்னாள். துணியைத் தள்ளும்போது விரல் ஊசிக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாளாம்.

"என்ற விரலே எனக்கு அடுத்தவங்க விரலாட்ட இருக்குதுங்க டாக்டரம்மா."

கோயம்புத்தூரில் பார்த்த எலும்பு மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். கழுத்தெலும்புகளுக்கு இடையில் நரம்பு நசுங்குகிறது. மூன்று மாதம் பார்க்கலாம். சரியாகாவிட்டால் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகும் அந்த இரண்டு விரல்கள் திரும்பி வருமா என்று அவரால் உறுதி சொல்ல முடியாது. ஓவர்லாக்கில் உட்கார்ந்து பழகிய பெண்ணுக்கு அந்தக் கை போய்விட்டால் வேறு என்ன இருக்கிறது? துளசிமணி இதையெல்லாம் அழாமல், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். ஜெசிந்தாதான் அவள் முகத்தைப் பார்க்காமல் குறிப்பேட்டில் எழுதினாள். ஏனென்றால் துளசிமணியின் கழுத்தைக் காப்பாற்றுவதற்கென்றே ஒட்டியிருந்த பட்டை ஜெசிந்தா செய்தது.

பட்டை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஜெசிந்தாவும் அவளுடைய கூட்டாளிகளும் நாலு வருடம் உழைத்து, பிறகு ஒரு மாதம் மண்டையை உடைத்து அதற்கு ஒரு நல்ல பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரை அவர்களைத் தவிர ஒருவரும் சொன்னதில்லை. பிடரியிலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பின் மேல் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பிளாஸ்திரி அது. உட்கார்ந்து வேலை செய்யும்போது முதுகு கூனினால், கழுத்து தொங்கினால், அந்த இடத்துச் சதையை மிகச் சின்ன மின்துடிப்பால் தட்டி எழுப்பும். யாரோ பின்னால் நின்று விரல் நுனியால் தொட்டு நேராக்குவதுபோல் இருக்கும். நாலு நாளில் அது தொடுவதே தெரியாது, உடம்பு தானாகவே நேராகிவிட்டதாகத் தோன்றும்.

பட்டையில் ஜெசிந்தாவுக்குப் பெருமையான விஷயம் ஒன்று உண்டு. வெளிநாட்டுக் கருவிகளைப் போல எல்லோரையும் ஒரே அச்சில் போட்டு அது நிமிர்த்தாது. ஒவ்வொரு உடம்புக்கும் அதனதன் நேர் உண்டு என்பது அவளுடைய கொள்கை. அதனால் ஒட்டிய முதல் நாள் ஏழு நிமிடம் சும்மா நிற்க வேண்டும். அந்த ஏழு நிமிடத்தில் பட்டை அந்த உடம்பின் நேரைப் படித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு எப்போதும் அந்த நேருக்கே கொண்டுவந்து நிறுத்தும். படித்ததை அழித்து மறுபடி படிக்கவைக்க ஜெசிந்தாவின் சாவி எண் வேண்டும்.

முதல் மூன்று மாதம் ஊரே பாராட்டியது. முன்பெல்லாம் சாயங்காலம் நாலு மணிக்கு அந்த ஹாலுக்குள் நுழைந்தால் தைல வாசனை மூக்கில் ஏறும். ஒவ்வொரு மெஷின் பெட்டியிலும் ஒரு தைலப் புட்டி இருக்கும். பட்டை வந்த பிறகு அந்த வாசனை போய்விட்டது. இடுப்பு வலி போனது. தோள் வலி போனது. ஜெசிந்தா தன் முதுகிலும் ஒன்றை ஒட்டிக்கொண்டுதான் நடமாடினாள், நம்பாதவர்களுக்குத் திரும்பிக் காட்டுவதற்காக.

ஐந்தாவது மாதம் கழுத்து ஆரம்பித்தது. ஆறாவது மாதம் கை மரத்துப்போகிறது என்று ஒவ்வொருத்தியாக மாடி ஏறி வந்தார்கள். துளசிமணி முதலாவதும் இல்லை, கடைசியும் இல்லை, ஆனால் அவளுடையதுதான் மோசம். ஜெசிந்தா நாற்காலிகளின் உயரத்தை மாற்றினாள். மேசைகளுக்குக் கட்டை கொடுத்தாள். விளக்குகளைத் தாழ்த்தினாள். ப்ரொடக்‌ஷன் மேனேஜர் கிருபாகரன், எல்லாம் இந்த செல்போனைக் குனிந்து பார்ப்பதால் வருகிற வினை என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். பட்டைகள் தகவல் அனுப்பும் திரையைப் பார்த்தால் எல்லா முதுகும் பச்சை. அவரவர் நேரில் அவரவர் நிற்கிறார்கள். பிறகு எப்படி வலிக்கும்?

மூளை ஓயாமல் சுற்றிய ஒரு மத்தியானம் அவள் கேள்வியைத் திருப்பிப் போட்டாள். யாருக்கு வலிக்கிறது என்பதை விட்டுவிட்டு, யாருக்குக் கொஞ்சம்கூட வலிக்கவில்லை என்று தேடினாள். ஒரே ஒரு பெயர் வந்தது. ரஞ்சிதம்.

ரஞ்சிதத்தைப் பற்றிக் கம்பெனியில் யாரைக் கேட்டாலும் ஒரே சொல்தான் சொல்வார்கள். திமிர். சூப்பர்வைசர் வந்தால் எழமாட்டாள். முதலாளி கார் உள்ளே வந்தால் ஒதுங்கி நிற்கமாட்டாள், கார்தான் ஒதுங்க வேண்டும். ஹாலிலேயே வேகமான கை என்பதால் பொறுத்துக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா போனபோது அவள் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து கொய்யாக்காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். ஒரு துண்டை ஜெசிந்தாவிடம் நீட்டினாள். கழுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, கழுத்துக்கு என்ன, அது பாட்டுக்கு இருக்கிறது என்றாள்.

பட்டை ஒட்டிய நாளைப் பற்றி ஜெசிந்தா கேட்டாள். வெள்ளிக்கிழமைப் பூசையோடுதான் எல்லோருக்கும் ஒட்டினார்கள், தான் அதற்கு வரவில்லை என்றாள் ரஞ்சிதம். முந்தின நாள் மேனேஜரோடு வாய்த்தகராறு. சாப்பாட்டு நேரத்தில்தான் வந்தாள். ஜெசிந்தாவின் உதவியாளர் பெண் ஒட்டிவிட்டுப் போனாள். கட்டிங் ஹாலில் ஒருவரும் இல்லை. ஃபேனைப் போட்டுவிட்டுச் சும்மா நின்றாளாம்.

"மத்தவங்களும் சும்மாதானே நின்னாங்க?" என்றாள் ஜெசிந்தா.

ரஞ்சிதம் கொய்யாவை மெல்வதை நிறுத்தினாள். "அவங்கெல்லாம் மொதலாளி முன்னால நின்னாங்கங்க. ஏழு நிமிசமும் அவரு எதுக்கால நின்னுட்டு இருந்தாரு. எப்படி நின்னாங்கன்னு நீங்க பார்க்கலீங்களா?"

பார்த்தேன் என்று சொல்ல ஜெசிந்தா வாயெடுத்தாள். பார்க்கவில்லை. அந்த ஏழு நிமிடமும் அவள் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைய வீடியோ கம்பெனியில் இருந்தது. விளம்பரத்துக்காக எடுத்தது. அறைக் கதவைச் சாத்திவிட்டு ஓடவிட்டாள். சாம்பிராணிப் புகை. மாலை போட்ட சாமி படங்கள். சந்தனப் பொட்டோடு முதலாளி ஈஸ்வரமூர்த்தி. அவர் கெட்டவர் அல்ல, யாரையும் சத்தம் போட்டுப் பேசியவர்கூட அல்ல. நல்ல காரியம் நடக்கிறது, கூட இருப்போம் என்று வந்து நின்றார். ஒலிபெருக்கியில் ஜெசிந்தாவின் பதிவுசெய்த குரல், "எல்லோரும் இயல்பாக நில்லுங்கள்" என்றது. இயல்பாகத்தான் நின்றார்கள். இருநூற்றுப் பதினோரு பெண்களும் தோளைக் குறுக்கி, கைகளை முன்னால் கோத்து, கழுத்தை இறக்கி நின்றார்கள். முதலாளி முன்னால் வேறு எப்படி நிற்பது? அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. பட்டை நல்ல மாணவியாக ஏழு நிமிடத்தில் அதைப் படித்துக்கொண்டது. அதன்பின் ஆறு மாதம், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், எதிரே முதலாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கும்பிடு நிலையிலேயே அவர்களைப் பிடித்துவைத்தது.

ஜெசிந்தா மூலக் கோப்பைத் திறந்தாள். திரையில் பச்சை காட்டுவது கற்ற நேருக்கும் இப்போதைய நிலைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். கற்ற நேரே எவ்வளவு சாய்வு என்பது உள்ளே கிடந்தது. கழுத்து முன்சாய்வு சராசரி பதினோரு டிகிரி. ரஞ்சிதத்துக்கு ஒன்று. அந்தப் பதினொன்றை அவள் முதல் வாரத்திலேயே பார்த்திருந்தாள். பார்த்துவிட்டுத் தன் அறிக்கையில் ஒரு வரியும் எழுதியிருந்தாள்: 'இப்பகுதிப் பெண்களின் கழுத்து இயற்கையிலேயே சற்று முன்சாய்ந்த உடல்வாகு கொண்டது.' படித்தபோது அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. தூத்துக்குடியிலிருந்து வந்தவள், தன் ஊர்ப் பெண்களைப் பற்றி யாராவது இப்படி எழுதியிருந்தால் சும்மா விட்டிருப்பாளா? அதைவிடக் கேவலம், வீடியோவின் ஓரத்தில் வெள்ளைக் கோட்டோடு அவளும் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய கழுத்தும் அதே பதினொன்றுதான்.

மறுநாள் காலை துளசிமணியை வரவழைத்து, படித்ததை அழித்து, மறுபடி ஏழு நிமிடம் நிற்கச் சொன்னாள். பதினொன்று வந்தது. தான் எதிரில் இருப்பதால்தான் என்று வெளியே போய் நின்றாள். பதினொன்று. அறையில் கேமரா இருக்கிறதே என்று மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனாள். பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஓர் ஆள் பார்த்துவிட்டான். பன்னிரண்டு. வீட்டில் என்றால்? வீட்டில் கணவர் இருப்பார் என்றாள் துளசிமணி. பஸ்ஸில் கண்டக்டர் இருப்பார். கோயிலில் சாமியே இருக்கிறது.

"யார் முன்னாடி நின்னா உங்களுக்கு நம்ம எப்படி நிக்கிறோம்ங்கிற நினைப்பே வராது? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

துளசிமணி நிஜமாகவே யோசித்தாள். ஜெசிந்தாவுக்குப் பயமாகிவிட்டது, அப்படி ஓர் இடமே இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று. கடைசியில் அவள் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள். "எங்கூட்டு ஆடு ஒண்ணு இருக்குதுங்க. அதுக்கு முன்னால வேணா நிப்பனுங்க."

அன்று சாயங்காலம், கம்பெனிக்குப் பின்னால் சந்துக்குள் இருந்த வீட்டின் கொல்லையில், தகரக் கூரைக்கடியில் கட்டியிருந்த வெள்ளாட்டுக்கு முன்னால் துளசிமணி நின்றாள். கணவர் கருப்புசாமியை டீ குடிக்க அனுப்பிவிட்டார்கள். ஜெசிந்தா வாசலுக்குப் போய்விட்டாள். அகத்திக்கீரையைத் தின்றபடியே ஆடு பொம்மி அவளைப் பார்த்தது. துளசிமணி இடுப்பில் கைவைத்து, இன்றைக்கு ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று அதை அதட்டிக்கொண்டு நின்றாள். ஏழு நிமிடம் முடிந்தபோது திரை ஒன்று என்று காட்டியது. ஒரே ஒரு டிகிரி. அவளுடைய நிஜமான நேர் இதுதான், ஓர் ஆட்டைத் தவிர ஒருவரும் பார்க்காதது. சிரிக்கவேண்டிய விஷயம்தான். ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று வாரத்தில் சுண்டுவிரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்று துளசிமணி வந்து சொன்னாள். அது நல்ல அடையாளம். ஐந்தாவது வாரம் ஊசியில் நூல் கோத்துக் காட்டினாள். இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனால் அதற்குள் வேறொன்று ஆரம்பித்திருந்தது.

மேனேஜர் கிருபாகரன் காலையில் லைனைச் சுற்றி வரும்போது எல்லாக் கழுத்தும் இறங்கும், துளசிமணியின் கழுத்து இறங்கவில்லை. இறக்கத்தான் பார்த்தாள். பிடரியில் பட்டை தொட்டு மேலே தூக்கிவிட்டது. என்ன முறைக்கிறாய் என்று அவர் கேட்டார். முறைக்கவில்லை என்று சொன்னாள், அதையும் நேராகப் பார்த்துச் சொன்னாள், அதுவே இரண்டாவது குற்றமாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் வரும்போதெல்லாம் அவள் வேண்டுமென்றே நூல்கண்டைக் கீழே போட்டு, எடுக்கிற சாக்கில் மேசைக்கடியில் உட்கார்ந்துகொண்டாள். எத்தனை தடவைதான் நூல்கண்டு விழும்? வீட்டில் கருப்புசாமி, இந்த நிமிர்ந்த நடையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டுவிட்டு நாலு நாள் பேசவில்லை. அந்த வார முடிவில் கிருபாகரன் அவளை ஓவர்லாக்கிலிருந்து எடுத்து, வேலைக்குப் புதிதாக வந்த பெண்களோடு பிசிர் வெட்டப் போட்டார். இருபத்திரண்டு வருடம் மெஷின் ஓட்டியவள் கத்தரிக்கோலோடு நின்று நூல் நறுக்கினாள். அதற்குள் மரத்த கைகளோடு மாடி ஏறியவர்கள் முப்பத்தெட்டாகிவிட்டார்கள்.

இனியும் பொறுக்கக் கூடாது என்று ஜெசிந்தா வெள்ளிக்கிழமை முதலாளியைப் பார்க்கப் போனாள். சொல்லவேண்டியதை வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டுதான் போனாள். இருநூற்றுப் பத்துப் பேருக்கும் படித்ததை அழிக்க வேண்டும். ஒவ்வொருவரையும் தனியாக, அவரவருக்குப் பயமில்லாத இடத்தில் நிறுத்த வேண்டும். மேனேஜரிடமும் சூப்பர்வைசர்களிடமும் பேசி, நிமிர்ந்து நிற்பவர்களைத் தண்டிக்கக் கூடாது என்று சொல்ல வேண்டும்.

ஈஸ்வரமூர்த்தி வீடியோவை முழுதாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பார்க்கவே எனக்குச் சங்கடமா இருக்குதம்மிணி" என்றார். அது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு, ஏழு மாதமாகத் தனக்கு விளங்காமலிருந்த ஒரு விஷயம் இப்போதுதான் விளங்குகிறது என்றார். வருடா வருடம் தீபாவளிக்கு முன்னால் நாலு பேராவது போனஸ் கேட்டு வாசல் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வார்கள். இந்த வருடம் யாரும் உட்காரவில்லை. லைனில் எதிர்த்து ஒரு சொல் இல்லை. கேண்டீனில்கூடச் சத்தம் குறைந்துவிட்டது.

"உடம்பு குனிஞ்சே இருந்தா மனசும் அப்படியே பழகிருது சார்" என்றாள் ஜெசிந்தா. "பயந்தா குனியிறோம்னு நினைக்கோம். குனிஞ்சே நிக்க வச்சா பயமும் வந்திரும். இது அவங்க அடக்கம் இல்ல சார், பட்டை செய்யிற வேலை."

"அப்ப பட்டை நல்லாத்தான் வேலை செய்யுதுன்னு சொல்லுங்க" என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை. மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். இருபத்தேழு கம்பெனிக்காரர்கள் பட்டை கேட்கிறார்கள், இங்கே பூசையன்று படிக்கவைத்ததைப் போலவே படிக்கவைத்தால் போதும் என்கிறார்கள். முறை பாதுகாப்பானது என்று அவள் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். "கழுத்து வலிக்குத் தனியா ஏதாச்சும் தைலம் குடுங்க. திங்கக்கிழமை கையெழுத்தோட வாங்க."

முடியாது என்று சொல்லத்தான் ஜெசிந்தா வாயைத் திறந்தாள். "பார்க்கிறேன் சார்" என்ற குரல் வெளியே வந்தது. அது தன்னுடைய குரல்தானா என்று அவளுக்கே ஆச்சரியம். தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்க்க முயன்றாள். பிடரியில் விரல் நுனியால் தொடுவதுபோல் லேசாக ஏதோ தொட்டது. தலை பழைய இடத்துக்குப் போனது. அதே பூசை நாளில், அதே ஏழு நிமிடத்தில் படித்த பட்டை அவள் முதுகிலும் இருந்தது. ஏழு மாதமாக இந்த அறையில் எத்தனை 'சரி சார்' சொல்லியிருப்பாள், அதில் எத்தனை அவள் சொன்னது, எத்தனை பட்டை சொன்னது?

கழிவறைக்குப் போய்ப் பட்டையை உரித்தெடுத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். பட்டை கையில் இருந்தது. கழுத்து அப்படியேதான் இருந்தது.

சனிக்கிழமை துளசிமணி போன் செய்து, ஒரு நடை வீட்டுக்கு வரமுடியுமா என்று கேட்டாள். ஜெசிந்தாவே போவதாகத்தான் இருந்தாள். திங்கட்கிழமை முதலாளி முன்னால் நிற்கும்போது கழுத்தைப் பிடித்து நிறுத்த ஒரு துணை வேண்டும். பட்டையின் பழைய பாடத்தை அழித்துவிட்டு, அந்த ஆட்டுக்கு முன்னால் நின்று புதிதாகப் படிக்கவைத்துக்கொள்ளலாம் என்பது அவள் திட்டம். கையெழுத்துப் போடாத தாள் பையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கொல்லையில் துளசிமணி ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தாள். ஜெசிந்தா உட்காரவில்லை, முதலாளி கையெழுத்துக் கேட்ட தாளைப் பற்றி நின்றபடியே சொன்னாள். துளசிமணி கையை நீட்டிக் காட்டினாள். இரண்டு விரலும் நன்றாக மடங்கின. அதைக் காட்டிவிட்டு, அந்தக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே கேட்டாள். "டாக்டரம்மா, என்ற பட்டையைப் பழையபடியே மாத்தி விட்டுருங்க. கை மரத்தாலும் பரவாயில்லீங்க. இப்படி நிமிந்துட்டு நின்னா எனக்கு நிக்கறதுக்கு எடமில்லீங்க."

ஜெசிந்தா மனதுக்குள் கணக்குப் போட்டாள். மாற்றினால் இன்னும் ஆறு மாதத்தில் அந்தக் கை போய்விடும். மாற்றாவிட்டால் பிசிர் வெட்டும் வேலையும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது. பட்டையைக் கழற்றிவிடலாம் என்றால், அது இல்லாமல் ஹாலுக்குள் விடமாட்டார்கள். துளசிமணி எதைத் தேர்ந்தெடுத்தாலும் நஷ்டம் அவளுடையதாகவே இருந்தது. முதலில் என்னுடைய அளவை எடுத்துவிடுகிறேன், பிறகு பேசுவோம் என்று சொல்லி, போனை அவள் கையில் கொடுத்து, ஏழு நிமிடம் கழித்து வரும் எண்ணை வாசிக்கச் சொன்னாள். பிறகு பட்டையை ஒட்டிக்கொண்டு ஆட்டுக்கு முன்னால் நின்றாள். பொம்மி அவளை மதிக்கவே இல்லை, அதற்கு அகத்திக்கீரைதான் முக்கியம். இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

போன் கூவியது. துளசிமணி எண்ணைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"பதினாலுன்னு காட்டுதுங்க" என்றாள்.

மெஷின் தப்பு என்றுதான் ஜெசிந்தா முதலில் நினைத்தாள். பிறகு புரிந்தது. மெஷின் இதுவரை ஒரு தப்பும் செய்ததில்லை. ஆட்டுக்கு முன்னால் நின்றிருந்தாலும் பக்கத்தில் துளசிமணி நின்றிருந்தாள். ஈஸ்வரமூர்த்திக்கு முன்னால் பதினொன்று குனிகிற கழுத்து இவளுக்கு முன்னால் பதினாலு குனிந்திருந்தது. அது பயமில்லை. இந்த ஐந்து வாரமும் பட்டை, டிகிரி, நரம்பு என்று ஏதேதோ பேசியிருக்கிறாள். சொல்லவேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவே இல்லை.

"உங்க கையை நான்தான் கெடுத்தேன்" என்றாள். "அன்னைக்கு நான் நிமிந்து ஒரு தடவை பார்த்திருந்தா போதும். பார்க்கலை. உங்க உடம்பு பிறவியிலயே அப்படித்தான்னு வேற எழுதி வச்சேன். என்னை மன்னிச்சிருங்க." சொல்லிவிட்டுத் தலையை முழுவதும் தாழ்த்தினாள்.

துளசிமணி பதறிப்போனாள். படித்தவள் ஒருத்தி தன் முன்னால் குனிந்து நிற்கிறாள், அது என்ன நியாயம்? அவளைவிடக் கீழே குனிந்துவிட வேண்டும் என்று உடம்பு தன்னால் முன்னே போனது. பிடரியில் பட்டை தொட்டது. மறுபடி குனியப் பார்த்தாள். மறுபடி தொட்டது. கடைசியில் அப்படியே நிமிர்ந்து நின்றாள். ஒருவர் தன்னிடம் தலைகுனிய, தான் நேராக நின்று பார்ப்பது அவளுக்கு நாற்பத்தொரு வயதில் அதுதான் முதல் தடவை. என்ன செய்வதென்று தெரியவில்லை. நூல்கண்டும் இல்லை, கீழே போட்டு எடுக்க. கண்ணிலிருந்து நீர் இறங்கியது, அதையும் நேராக நின்றபடியேதான் விடவேண்டியிருந்தது.

ஆடு கீரையை அரைத்துக்கொண்டிருந்தது. பிறகு துளசிமணி வலது கையை நீட்டி ஜெசிந்தாவின் தாடையைப் பிடித்து மேலே தூக்கினாள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் கன்னத்தில் பட்டன. சூடாக இருந்தன.

"விடு கண்ணு" என்றாள். அதுவரை அவளை டாக்டரம்மா என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. "என்றதை மாத்த வேண்டாம். இப்படியே கெடக்கட்டும். பிசிர் வெட்டச் சொன்னா வெட்டிட்டுப் போறேன். நீ நாளைக்கு அந்தப் பேப்பர்ல மட்டும் கையெழுத்துப் போட்டுறாத. மாடியேறி வந்த அத்தனை பேருக்கும் கை இருக்கோணும்."

ஜெசிந்தா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். படித்ததை அழித்தாள். போனை ஆட்டுக் கயிறு கட்டியிருந்த முளைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். துளசிமணி கேட்காமலேயே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். பார்வை படாமல் இருக்கட்டும் என்று. வாசலில் கருப்புசாமி செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. துளசிமணி சுவரைப் பார்த்தபடியே, இப்போது உள்ளே வரவேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்று குரல் கொடுத்தாள். அவர் வரவில்லை.

போன் கூவியது. துளசிமணி வந்து எடுத்துப் பார்த்தாள்.

"ஒம்பதுதான் வருது" என்றாள். "இன்னொருக்கா நிக்கிறயா?"

ஜெசிந்தா கொல்லையைப் பார்த்தாள், ஆட்டைப் பார்த்தாள். இன்னும் எத்தனை முறை நின்றாலும் இன்றைக்கு இதற்குக் கீழே இறங்காது என்று அவளுக்குத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை முதலாளி முன்னால் 'பார்க்கிறேன் சார்' என்றபோது பதினொன்று. இரண்டு டிகிரி குறைந்திருக்கிறது. நாளைக்கு அவர் எதிரில் நின்று முடியாது என்று சொல்ல அவளிடம் இருப்பது அந்த இரண்டு டிகிரிதான்.

"வேண்டாம்" என்று சொல்லி, அந்த ஒன்பதை அப்படியே பட்டையில் பூட்டினாள். பிறகு துளசிமணி போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, நாளைக்குச் சொல்லவேண்டியதை ஒருமுறை அவளிடமே சொல்லிப்பார்க்க ஆரம்பித்தாள்.